வெண்டலைக் கழுகும் வெறும் புகழும்

அமெரிக்க ஐக்கிய நாட்டினர் 1782-ஆம் ஆண்டிலே தம் அரசாங்க முத்திரையிற் பொறித்த பறவை வெண்டலைக் கழுகாகும். அதன் ஆங்கிலப் பெயரைக் கண்டு ‘மொட்டைக் கழுகு’ என மொழிபெயர்ப்பாரும் உளர். அது பொருந்தாது. வழுக்கை எனப் பொருள்படும் அச்சொல் முற்காலத்தே வெண்மையையுங் குறித்தது. வெள்ளிறகு செறிந்த தலைக்கு மொட்டை என்னும் பெயர் எங்ஙனம் தகும்?

இடாகோ மாநிலத்துக் கோர்டலேன் ஏரியிலே, கோகனி என்னும் மீன்கள் முட்டையிட்டு மடியும் குளிர்காலத்தில், இக்கழுகுகள் திரளாக வந்து கூடுகின்றன. நீருள் மூழ்காது, நீர்ப்பரப்பையொட்டிப் பறந்து, கூருகிரால் மீனைக் கவர்ந்து எழுகின்றன. காதற் பருவத்திலோ ஆணும் பெண்ணும் வானுறப் பறந்து, ஒன்றன் காலை ஒன்று பற்றிச் சக்கரம்போற் சுழன்று வீழ்ந்து, நிலத்தை அணுகுமுன் பிரிந்து மேலெழும். பின்னர் இரண்டும் முறைமாறி அடைகாத்து, ஏறத்தாழ 35 நாளிற் குஞ்சு பொரிக்கும்.

பிற பறவை வருந்திப் பிடித்த மீனைப் பறித்துண்ணும் ஒழுக்கங்கெட்ட பறவை இஃதென, அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1784-இல் தம் மகளார்க்கு வரைந்த கடிதத்திற் பழித்தார். பறித்துண்பது மெய்யே. ஆயினும், அறநூல் அறியாப் பறவைமீது அறக்குற்றஞ் சாட்டுதல் முறையாமோ? அறமறிந்த மாந்தர் அதற்குச் செய்தது யாது? அலாஸ்காவில் 1917 முதல் 1953 வரை கழுகைக் கொன்றோர்க்குப் பரிசுப் பணம் வழங்கினர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை மாண்டன. பூச்சிகளைக் கொல்லத் தெளித்த டி.டி.டி. என்னும் நஞ்சு நீரிற் கலந்து, மீன்வழியாகக் கழுகின் உடலிற் புகுந்து, முட்டையோட்டை மெலிவித்தது. அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டைகள் நொறுங்கின! 1963-இல் அலாஸ்கா நீங்கிய பெருநிலப் பகுதியில் 500 இணைகளும் எஞ்சவில்லை.

முத்திரையிற் பெற்ற புகழ் ஒரு முட்டையையேனும் காத்ததோ? இல்லை. 1940-இல் இயற்றிய பாதுகாப்புச் சட்டமும், 1972-இல் டி.டி.டி.க்கு விதித்த தடையுமே காத்தன. 2007-இல் இணைகள் 9,000-க்கு மேற்பட்டுப் பெருகவே, அருகிவரும் உயிர்களின் பட்டியலினின்றும் இப்பறவை நீக்கப்பெற்றது.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் இதனைத் தேசியப் பறவையெனச் சட்டமும் இயற்றினர். நன்று. எனினும், வேடர் விட்டுச்சென்ற விலங்குடல்களிற் கிடக்கும் ஈயக் குண்டின் துகள்களை உண்டு இக்கழுகுகள் இன்றும் நஞ்சேறி மடிகின்றன. ஈயத்துக்கு மாற்றாகச் செம்புக் குண்டுகள் கடைகளிற் கிடைக்கவும், பழையதையே பற்றி நிற்றல் ஏனோ? புதிய பட்டத்தினும், ஈயக் குண்டை விலக்குதலே அப்பறவைக்குச் செய்யும் மெய்யான சிறப்பாமென நாம் துணிகின்றோம்.