பியானோவிலிருந்து பிரிந்த குரல்

பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் ஒரு பாட்டைக் கேசட்டில் பதிவுசெய்தார். குரலும் பியானோவும் ஒரே நாடாவில் கலந்துவிட்டன. 1995இல் மற்ற மூன்று பீட்டில்ஸ் கலைஞர்களும் அதை முடிக்க முயன்று கைவிட்டனர். பிறகு திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் குரலைத் தனியே எடுத்துக் கொடுக்க, 2023 நவம்பரில் ‘நவ் அண்ட் தென்’ வெளியானது.

கேட்பவரின் காது இந்த வேலையை நொடியில் செய்கிறது. ஒரே கணத்தில் தொடங்கி, சேர்ந்தே ஏறியிறங்கும் அதிர்வுகளை ஒரே குரலாகக் கூட்டிக்கொள்கிறது. இதை விளக்கி உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1990இல் பெரிய நூலே எழுதினார். கணினியோ, குரலும் கருவிகளும் தனித்தனியாகப் பதிவான பாடல்களில் பயின்று, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் யாருடையது என்று கணிக்கிறது. ஒத்த குரல்கள் இரண்டு ஒரே சுருதியில் இழைந்தால் தடுமாறுகிறது.

கணிப்பு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பியானோ மூடிய இடங்களில் வெளிவரும் குரலில் கணினியின் ஊகமும் கலந்திருக்கிறது. பழைய பதிவுகளை இப்படி மீட்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் மீட்டவர்கள் செய்ததை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூல நாடாவை எறிந்துவிடக் கூடாது. அடுத்த தலைமுறை மென்பொருள் இன்னும் துல்லியமாகப் பிரிக்கக்கூடும். அதற்கும் மூலப்பதிவுதான் தேவைப்படும்.