6 கிழமையில் 10 கிலோவா?

மகளின் கலியாணத்துக்கு 6 கிழமை இருக்கும்போது, 10 கிலோ குறைக்க வேண்டுமென்று வருகிறார்கள். சோறு, இடியப்பத்தை நிறுத்தினால் முதற் கிழமையில் 2, 3 கிலோ இறங்கலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடலில் சேமித்திருந்த மாச்சத்து ஒரு கிராம் கரைந்தால் ஏறக்குறைய 3 கிராம் நீரும் கூடவே போகிறது. பிறகு தராசு அசையாது. உடனே "டொக்டர், தைரோயிட்டோ?" என்பார்கள்.

கிழமைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ என்பதே நியாயமான கணக்கு. அவசரப்பட்டால் தசையும் கரையும், பித்தப்பையில் கல்லும் வரலாம்.

எனக்கு அதிக பயம் நீரிழிவுக்காரரை நினைத்துத்தான். இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ எடுத்துக்கொண்டு, எங்களிடம் சொல்லாமல் பட்டினி கிடந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். சாப்பாட்டைக் குறைக்க முதல் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேலைச் சட்டையைத் தையற்காரர் தளர்த்தித் தருவார்.