ராஜாவுக்கும் ஒரு நியாயப்பிரமாணம்



ரோமர் 13-ஐக் காட்டி, ஆள்வோரைக் கேள்வி கேட்பதே பாவம் என்கிறார்கள் சிலர். அதே வேதபகுதி ஆளுகிறவனைத் தேவஊழியக்காரன் என்றல்லவோ அழைக்கிறது? ஊழியக்காரன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். இஸ்ரவேலின் ராஜாவும் தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளாதபடி, நியாயப்பிரமாணத்தைத் தனக்கெனப் பிரதியெடுத்து ஆயுளெல்லாம் வாசிக்கக் கடமைப்பட்டிருந்தான் (உபாகமம் 17:18-20).

நம் அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவும் ஆள்வோருக்கு அவ்வாறே எல்லை வகுக்கிறது: அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் செல்லாது. அமைதியாய்க் கூடவும் பேசவும் உயிர்வாழவும் நமக்குள்ள உரிமை, அரசு இடும் பிச்சையன்று. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த இக்கொற்கைக் கரையில் இது ஏட்டுப் பாடமன்று.

நாபோத்தின் இரத்தத்திற்காக ஆகாபை எதிர்த்து நின்ற எலியா கலகக்காரரோ? ஆள்வோருக்காக ஜெபிப்போம், அவர்களிடம் கணக்கும் கேட்போம். ஆமென்.