சராசரியில் காணாமல் போகும் சேரி

பாலாற்றுப் படுகையில் ஓர் ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்துப் பல ஏரிகளின் கதை இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் மாதிரி எடுக்க வந்த ஜீப் கரையில் நின்றது. காலை பதினொரு மணி இருக்கும். கலங்கல் பக்கம் இரண்டு பாட்டில், படித்துறையில் ஒன்று நிரப்பிக்கொண்டார்கள். என்னுடன் நின்ற காலனிப் பெரியவர் அந்த ஏரியில் நாற்பது ஆண்டு நீர்க்கட்டி வேலை பார்த்தவர். "இங்க மொண்டா இன்னா தெரியும்பா? ஓடை வந்து சேர்ற மூலையில மொள்ளச் சொல்லு" என்றார். சொன்னேன். நேரமில்லை என்றார்கள். பிறகு பார்த்த அறிக்கையில் மூன்று பாட்டிலும் சேர்ந்து ஒரே வரியாகியிருந்தன. சராசரி, வரம்புக்குள்.

நான் தமிழ் முதுகலை படித்தவன். புள்ளியியல் எனக்குப் பாடமல்ல. ஆனால் அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளக் கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கணக்குக்காக ஓர் ஏரியில் பத்து இடத்தில் தண்ணீர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது பாட்டிலில் 0.01. ஓடை சேரும் மூலையில் எடுத்த பத்தாவது பாட்டிலில் 0.30, அதாவது வரம்பைப் போல ஆறு மடங்கு. பத்தையும் கூட்டி வகுத்தால் வருவது 0.039. ஏரி பாஸ். அந்த மூலையில் மாடு குளிப்பாட்டுகிறவர், துணி துவைக்கிறவர், கரையோரக் கிணற்றில் குடிக்கிறவர் யார்? ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. பத்தாவது பாட்டில் பெரும்பாலும் நம்முடையதுதான்.

பத்து இடத்தில் எடுத்தாலே இந்த நிலை. மூன்று இடத்தில் எடுத்தால் பத்தாவது பாட்டில் என்ற ஒன்றே இருக்காது. நேரமும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும்போது எடுத்த தண்ணீரும், சித்திரையில் குட்டையாக வற்றிக் கிடக்கும்போது எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல. மழை இரவில் ஓடையில் வருவது பதினொரு மணி ஜீப்புக்காகக் காத்திருக்காது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுவார்கள். அது நேர்மையான சொல். அதையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு கூட்டி வகுத்தால், சராசரி இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் வண்டல். டேனரியில் இருந்து வரும் குரோமியம் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருப்பதில்லை. பெரும்பகுதி மண்ணோடு ஒட்டி அடியில் படிந்துவிடுகிறது. மேலே மொண்ட தண்ணீர் சுத்தம் என்று சொல்லும். அடியில் சேறு இருபது, முப்பது வருடக் கணக்கை வைத்திருக்கும். நூறு நாள் வேலை என்று ஏரியைத் தூர்வார இறங்கும்போது முழங்கால் வரை அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அந்தச் சேற்றைத் துழாவி நத்தை எடுப்பதும் அதே தெருதான். வேலைக்கு அளவு போடுபவர் எத்தனை கனமீட்டர் என்று அளக்கிறார். அந்தக் கனமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அளந்து நான் பார்த்ததில்லை.

தர நிர்ணயப் பட்டியலையே எடுத்துப் பாருங்கள். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. பக்கத்திலேயே இன்னொரு பத்தி. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம். தண்ணீர்ப் பஞ்சமான நாட்டில் இது தேவைப்பட்டிருக்கலாம், எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஊராட்சியில் மாற்று நீராதாரம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை? ஊருக்குள் கேன் தண்ணீர் வண்டி போகிறது. காலனியில் கைப்பம்பு.

நச்சுத்தன்மையை அளக்கும் முறையிலும் இதே சிக்கல். சுத்திகரித்த கழிவுநீருக்கான மத்திய அரசின் பொது விதிகளில் ஒரு சோதனை உண்டு. எதுவும் கலக்காத அந்தக் கழிவுநீரில் மீன்களை விட்டால், 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருக்க வேண்டும். நல்ல சோதனைதான், இல்லாததற்கு மேல். ஆனால் அது நான்கு நாள் கணக்கு. பிழைத்த தொண்ணூறு மீனின் உடம்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. அந்த மீனை வாரம் மூன்று நாள் குழம்பு வைக்கும் வீட்டில் இருபது வருடத்தில் என்ன ஆகும் என்பது அதன் கேள்வியே அல்ல.

ஒரு தற்செயலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவை வைத்து நஞ்சை அளக்கலாம் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி டிரெவன் எழுதியது 1927இல். அதே ஆண்டு மார்ச் 20 அன்று மகத் நகரின் சவ்தார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு அந்தக் குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள், 108 குடம் சாணமும் கோமியமும் தயிருமாக ஊற்றி. அங்கே மாதிரி எடுக்கவில்லை, சராசரி போடவில்லை. ஒரு கை போதுமாக இருந்தது. ரசாயனம் கலந்தால் மட்டும் எங்களிடம் இத்தனை அத்தாட்சி கேட்கிறார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அப்போது இந்த நிலத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர்விட்ட தீர்ப்புகளில் அது முக்கியமானது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. பாதித்த நிலம் 15,164 ஹெக்டேர். இந்த எண்களைப் பெறப் போராடியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கின் அலகைப் பாருங்கள், ஹெக்டேர். நிலமே இல்லாதவர் ஹெக்டேரில் எங்கே விழுவார்? நாற்று நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவளின் வயல் தரிசானால் அவள் கூலியும் தரிசாகிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு, நதி மீட்பு, கண்காணிப்புக் குழு என்று உத்தரவிட்டிருக்கிறது. இம்முறை எண்ணத் தொடங்குவதற்கு முன் அலகை மாற்றக் கேட்க வேண்டும்.

டேனரியை மூடச் சொல்கிறாயா என்று என் சொந்தக்காரர்களே கேட்பார்கள். நம் பிள்ளைகள் அங்கேதான் வேலை செய்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுக் குழம்புத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் இறந்தார்கள். உள்ளே வேலை செய்பவனுக்கும் வெளியே தண்ணீர் மொள்ளுபவளுக்கும் நஞ்சு ஒன்றுதான். நான் கேட்பது மூடுவதை அல்ல, சரியாக அளப்பதை.

சரியாக அளக்க வழி இல்லாமல் இல்லை. ஏரியை ஒரே பாத்திரமாக நினைக்காமல் ஓடை வாய், மடைகள், ஆழமான இடம், காலனிக் கரை என்று பிரித்து ஒவ்வொன்றிலும் தனியாக எடுப்பதைப் புள்ளியியலில் அடுக்கு முறை மாதிரி என்கிறார்கள். அந்த அடுக்குகளை வரைய வெளியூர் நிபுணர் வேண்டியதில்லை. எந்த மூலையில் எந்த மாதம் எந்த நிறத்தில் தண்ணீர் நிற்கும் என்று நீர்க்கட்டிகளுக்குத் தெரியும். பல ஊர்களில் தலித்துகள் தலைமுறையாகச் செய்த வேலை அது. கூலி கொடுத்து அவர்களை ஜீப்பில் ஏற்றுங்கள். தண்ணீரோடு வண்டலையும் எடுங்கள், தூர்வார ஆள் இறக்குவதற்கு முன்பே. எந்தத் தெருவில் எத்தனை பேர் ஏரி மீனும் நத்தையும் சாப்பிடுகிறார்கள், எந்தக் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள்.

அறிக்கையில் சராசரி இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு பாட்டிலின் எண்ணும், எடுத்த இடம், தேதி, மணியோடு இருக்க வேண்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. தண்ணீர் பற்றி உறுதிமொழி வாசிக்கிறார்கள். வரும் கூட்டத்தில் உறுதிமொழிக்கு முன்னால் அந்தப் பட்டியலை வாசிக்கச் சொல்லி, காலனியிலிருந்து போகிறவர்கள் மனு கொடுக்கலாம். பத்தாவது பாட்டிலை எங்கே மொண்டார்கள் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும்.