சப்பாத்தைக் கவ்வி வரும் அன்பு

நாயைப் போல ஏச்சையும் புகழையும் ஒருங்கே பெற்ற பிராணி நம் மொழியிலே வேறொன்று இல்லை எனலாம். ஒருவனை இகழ வேண்டுமானால் அதன் பெயரைச் சொல்லுகின்றோம். நன்றிக்கு உதாரணம் காட்ட வேண்டுமானாலும் அதனையே அழைக்கின்றோம். யானையின் நட்பையும் நாயின் நட்பையும் ஒப்பிட்டு நோக்கிய நாலடியார், நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று தீர்ப்பளித்தது. ஆயினும், அந்த நன்றி எதற்கு? இட்ட சோற்றுக்கா, இட்டவருக்கா? இக்கேள்வியை அண்மையில் ஒரு மாணவன் எம்மிடம் கேட்டான். அவனுக்குச் சொன்ன மறுமொழியையே இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அம்மாணவன் எமது நண்பர் ஒருவரின் மகன். அவர்கள் வீட்டிலே 'கோல்டன் ரிட்ரீவர்' என்னும் சாதியைச் சேர்ந்த நாயொன்று வளர்கின்றது. பொன்னிற உரோமமும் தொங்கும் செவிகளும் சாந்தமான முகமும் உடையதாதலின் அதற்குப் பொன்னன் என்று பெயரிட்டிருக்கின்றனர். நண்பர் மாலையிலே அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பொன்னன் படலைக்கு ஓடி வரும். வெறும் வாயோடு வருவதில்லை. வீட்டிலே அகப்பட்ட ஏதாவதொன்றைக் கவ்விக்கொண்டுதான் வரும். ஒருநாள் அது கவ்வி வந்தது நண்பரின் புதுச் சப்பாத்து. அவர் சினந்து உரத்த குரலில் ஏசினார். பொன்னன் செவிகளை மடித்து, தலையைத் தாழ்த்தி, கண்களை ஒருபுறம் திருப்பிக்கொண்டது. "பார்த்தீரா, தான் செய்த பிழை அதற்குத் தெரிகிறது" என்றார் நண்பர். அதன் பின்னும் சில நாட்கள் அவ்வாறே ஏச்சு விழுந்தது. ஒரு மாலை அவர் வந்தபோது பொன்னனைப் படலையடியிற் காணவில்லை. அது கதவின் பின்னே படுத்திருந்தது.

"மாமா, இவ்வளவு நாளும் அது சோற்றுக்காகத்தான் ஓடி வந்தது என்று அப்பா சொல்லுகின்றார். உண்மைதானா?" என்று பையன் எம்மைக் கேட்டான். அவன் குரலிலே கவலை இருந்தது.

பொன்னன் ஏன் சப்பாத்தைக் கவ்வி வந்தது என்பதை அறிய வேண்டுமானால், நாம் ஸ்கொத்லாந்து தேசத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே இன்வர்னஸ் பகுதியிலுள்ள மலைநாட்டிலே கீசகன் என்றொரு பெரும் பண்ணை இருந்தது. அதன் சொந்தக்காரர் டட்லி மார்ஜரிபாங்ஸ் என்பவர். பிற்காலத்திலே டுவீட்மவுத் பிரபு என்ற பட்டம் பெற்றவர். அக்காலத்திலே துப்பாக்கிகள் திருத்தம் பெற்று, தூரத்திலே பறக்கும் பறவைகளையும் வீழ்த்தக் கூடியனவாயின. வீழ்ந்த பறவை புதரிலோ நீரிலோ மறைந்துவிடும். அதனை மோப்பம் பிடித்துக் கண்டு, நீந்திச் சென்று எடுத்து, பல் பதியாமற் கவ்வி வந்து, எசமானின் கையிலே ஒப்படைக்கும் நாய் வேண்டியிருந்தது.

1865 ஆம் ஆண்டிலே அவர் பிரைட்டன் நகரிலே 'நூஸ்' என்னும் மஞ்சள் நிற நாயொன்றை வாங்கினார். கறுப்புக் குட்டிகளின் நடுவே மஞ்சளாகப் பிறந்த ஒற்றைக் குட்டி அது. சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடமிருந்தே அதனை வாங்கினார் என்றும் கூறுவர். 1868 இல், நீரில் இறங்கி வேலை செய்வதிற் பெயர்பெற்ற டுவீட் நீர் ஸ்பானியல் சாதியைச் சேர்ந்த 'பெல்' என்னும் பெட்டை, நூசுக்கு நான்கு மஞ்சட் குட்டிகளை ஈன்றது. அக்குட்டிகளின் வழியிலேயே கோல்டன் ரிட்ரீவர் சாதி உருவாயிற்று. ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து இச்சாதி தோன்றியது என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. பிரபுவின் இனப்பெருக்கப் பதிவேட்டின் விவரங்கள் 1952 இல் வெளியானபோது அக்கதை பொய்யென்று தெளிவாயிற்று. 2023 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பல நாடுகளிலிருந்தும் 488 கோல்டன் ரிட்ரீவர் நாய்கள் தம் எசமானர்களோடு கீசகனிலே கூடின. தாய்வீடு தேடி வந்த அக்கூட்டத்தைக் காண எவருக்குத்தான் உள்ளம் குளிராது!

ஆகவே, கவ்வி வருவது இந்நாய்க்குக் களவு அன்று, குலத்தொழில். தலைமுறை தலைமுறையாக, கவ்விக் கொணர்வதில் விருப்பமும் மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதில் மகிழ்ச்சியும் உடைய நாய்களையே தெரிந்தெடுத்து வளர்த்தனர். அவற்றின் சந்ததி, மகிழ்ச்சி மேலிடும்போது வாயிலே ஏதாவதொன்றை ஏந்தாமல் நிற்பது அரிது. சிலவேளை எசமானின் மணிக்கட்டையே மெல்லக் கவ்விக்கொண்டு அவரை வீட்டினுள்ளே அழைத்துச் செல்லும். பல்லின் அழுத்தம் தோலிலே தெரியாது. விருந்தினரை வெறுங்கையோடு எதிர்கொள்ள நாம் கூசுவதில்லையா? பொன்னனும் தன் எசமானை வெறும் வாயோடு எதிர்கொள்ள விரும்பவில்லை என்று கொண்டால் பிழையில்லை.

இச்சாதி நாய்கள் அன்பு காட்டும் வேறு வழிகளும் உள. நின்றுகொண்டிருப்பவரின் காலிலே தம் உடற்பாரம் முழுவதையும் சாய்த்து நிற்கும். வளர்ந்த ஆண் நாய் ஏறக்குறைய 30 கிலோகிராம் நிறையுடையது; ஆதலின் சாய்வது தெரியாமற் போகாது. கதிரையில் அமர்ந்தாற் பாதத்தின்மேற் படுக்கும். குசினிக்குப் போனால் குசினிக்கும், கிணற்றடிக்குப் போனாற் கிணற்றடிக்கும் நிழல்போலத் தொடரும். உண்ண ஒன்றுமில்லாத இடத்துக்கும் அது தொடர்ந்து வருவதை வளர்ப்போர் கவனித்திருப்பர்.

இவையெல்லாம் வெறும் அபிமானத்தாற் சொல்லும் வார்த்தைகள் என்று ஐயுறுவோரும் உண்டு. அவர்களுக்காக விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றுட் சிலவற்றைக் கூறுவோம். இவை கோல்டன் ரிட்ரீவருக்கு மட்டுமன்றி நாய்களுக்குப் பொதுவானவை.

முதலாவது, வால். இத்தாலி நாட்டிலே 30 நாய்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று 2007 இல் வெளியாயிற்று. எசமானைக் கண்ட நாயின் வால் அதன் வலப்புறமாகவே மிகுதியும் ஆடியது. அறியாத முரட்டு நாயைக் கண்டபோதோ இடப்புறமாக மிகுதியும் ஆடியது. ஆகவே, வால் ஆடுவதெல்லாம் அன்பென்று கொள்ளலாகாது. அறியாத நாயின் வாலை நம்பித் தலையைத் தடவச் செல்லும் சிறுவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

இரண்டாவது, கண். யப்பானிலுள்ள அசபு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2015 இல் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் 'ஒக்ஸிடோசின்' என்னும் ஓமோன் ஒன்று நம் உடலில் உண்டு. நாயும் எசமானும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கியபோது இருவர் உடலிலும் அந்த ஓமோன் மிகுந்தது. மனிதர் கையிலே வளர்ந்த ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை. நாய்க்கும் ஓநாய்க்கும் முன்னோர் ஒருவரே. ஆயினும் மனிதனோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளிலே நாயின் பார்வை நம் உள்ளத்தைத் தொடும் வழியைக் கற்றுக்கொண்டது.

மூன்றாவது, மூளை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி சர்வகலாசாலையிலே, மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரத்தினுள் கட்டின்றி அசையாது படுத்திருக்க நாய்களைப் பழக்கினர். 2015 இல் வெளியான ஆய்விலே, 12 நாய்களுக்குப் பலவித வாடைகளை முகரக் கொடுத்தனர். இன்பத்தை எதிர்பார்க்கும்போது தொழிற்படும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாடைக்கே மிகுதியாகத் தொழிற்பட்டது. அம்மனிதர் அங்கே நிற்கவுமில்லை. 2016 இல் வெளியான மற்றோர் ஆய்விலே, 15 நாய்களுக்கு ஒருமுறை உணவும் மற்றொருமுறை எசமானின் புகழ்மொழியும் கிடைக்கச் செய்தனர். அவற்றுள் 13 நாய்களின் மூளை, புகழ்மொழிக்கு உணவுக்குச் சமமாகவோ அதிலும் மேலாகவோ தொழிற்பட்டது. இரண்டு நாய்கள் மட்டும் உணவையே பெரிதாகக் கொண்டன. மனிதருள்ளும் அத்தகையோர் இல்லையா? அவற்றின்மீது குறை சொல்வதற்கில்லை.

'சோற்றுக்காகத்தானா?' என்ற கேள்விக்கு இதுவே விடை. சோறும் வேண்டும், ஆனால், பெரும்பாலான நாய்களுக்குச் சோறு மட்டும் போதாது. "நல்ல பிள்ளை" என்ற சொல்லும் அவற்றுக்கு ஒருவகை உணவே.

இனி, நண்பர் கூறிய 'பிழையுணர்ந்த முகம்' பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நியூயோர்க் நகரிலே அலெக்சாந்திரா ஹோரவிட்ஸ் என்னும் அம்மையார் 14 நாய்களைக் கொண்டு நடத்திய சோதனை 2009 இல் வெளியாயிற்று. தின்பண்டமொன்றைத் தொடாதே என்று நாய்க்குக் கட்டளையிட்டுவிட்டு எசமான் வெளியே செல்வார். திரும்பி வரும்போது, அது தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவருக்குச் சொல்லப்படும். சொல்லப்பட்டது எப்போதும் மெய்யன்று. ஏச்சு வாங்கிய நாய், குற்றம் செய்திருந்தாலும் செய்யாதிருந்தாலும் அந்த முகத்தையே காட்டியது. குற்றமற்றிருந்தும் ஏச்சு வாங்கிய நாய்களிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. நாம் குற்ற உணர்வு என்று படித்தது, எமது சினத்தைக் கண்ட அச்சமே. பெற்றோரும் ஆசிரியரும் இச்சோதனையைச் சற்றே சிந்திப்பாராக. தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் யாவரும் குற்றவாளிகள் அல்லர்.

பொன்னனின் செய்தியும் இதுவே. அது எசமானுக்கு வரவேற்புக் கூறச் சப்பாத்தை ஏந்தி வந்தது. பதிலுக்குக் கிடைத்தது ஏச்சு. ஏச்சுச் சப்பாத்துக்கானது என்பதை அது எவ்வாறு அறியும்? படலைக்குச் செல்வதே ஆபத்தென்று கற்றுக்கொண்டது.

அன்பைப் பெறுவோருக்குக் கடமையும் உண்டன்றோ? நாயின் அன்பை நம் வழக்கப்படி அளத்தல் கூடாது. கழுத்தைக் கட்டி இறுக அணைத்தல் நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது திணறல். அணைக்கும்போது முகத்தைத் திருப்பி, நாவால் உதட்டை நக்கி, கொட்டாவி விட்டால், 'விட்டுவிடு' என்று அது கேட்கின்றது. குழந்தைகளுக்கு இதனைக் கட்டாயம் கற்பித்தல் வேண்டும். எவ்வளவு சாந்தமான சாதியாயினும் நாயையும் சிறுகுழந்தையையும் தனியே விடுதல் தகாது.

மேலும், இது குளிர்நாட்டிலே தோன்றிய சாதி. இரட்டை அடுக்கு உரோமம் உடையது. நம் நாட்டு நண்பகல் வெயிலிலே இதனை நடத்திச் செல்வது கொடுமை. உருகும் தார் வீதி பாதத்தைச் சுடும். காலையிலும் அந்தியிலும் உலாத்துவதும், நிழலும் குளிர்ந்த நீரும் எப்போதும் கிடைக்கச் செய்வதும் அவசியம். மனிதத் துணையையே நாடி வளர்ந்த இப்பிராணியைப் பகலெல்லாம் சங்கிலியிற் கட்டித் தனியே விடுவது, பட்டினி போடுவதற்கு அடுத்தபடி.

எல்லாவற்றிலும் பெரிய செய்தி காலம். கோல்டன் ரிட்ரீவரின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 12 ஆண்டுகள் வரையே. புற்றுநோய் இச்சாதியை மிகுதியாகப் பீடிக்கின்றது. அதன் காரணங்களை அறியும் பொருட்டு, அமெரிக்காவிலே 3,000 இற்கு மேற்பட்ட கோல்டன் ரிட்ரீவர் நாய்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து அவதானிக்கும் ஆராய்ச்சியொன்று 2012 இல் தொடங்கப்பட்டது. எசமானர்கள் ஆண்டுதோறும் தம் நாய்களை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று, அவற்றின் விவரங்களைக் கொடுத்து உதவினர். தம் நாய்க்குப் பயன்படாவிடினும் பின்வரும் நாய்களுக்குப் பயன்படட்டும் என்ற எண்ணத்துடன் அவர்கள் செய்த கைம்மாறு அது. பள்ளிக்கூடம் புகும் பிள்ளையோடு வீட்டுக்கு வரும் குட்டி, அப்பிள்ளை சர்வகலாசாலை செல்லும் முன்னரே முதுமை எய்திவிடும். நாம் காலம் தாழ்த்தலாம். நாய்க்கு அவ்வளவு அவகாசமில்லை.

இவற்றைப் பையனுக்குச் சொன்னோம். அவன் தன் தந்தைக்குச் சொன்னான். நண்பர் முதலிற் சிரித்தார். பின்னர் தம் புதுச் சப்பாத்துகளை உயரமான தட்டிலே வைத்துவிட்டு, பழைய செருப்பொன்றைப் பொன்னனுக்கென்றே வாசலில் இட்டார். அன்று தொட்டு, வந்தவுடன் படலையடியிலே சிறிது நேரம் குந்தியிருந்து, தாழ்ந்த குரலில் அதன் பெயரைச் சொல்லி அழைத்தார். முதல் நாள் அது வரவில்லை. இரண்டாம் நாள் கதவுவரை வந்து நின்றது. மனிதராயின் பழியை நெடுநாள் நெஞ்சில் வைத்திருப்பர். பொன்னனுக்கு ஒரு கிழமைகூடச் செல்லவில்லை.

சென்ற போயா தினத்தன்று நாம் அங்கே போயிருந்தோம். படலையைத் திறக்கும் ஓசை கேட்டதும் பொன்னன் அந்தப் பழைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தது. நண்பர் கையை நீட்டி அதனை வாங்கிக்கொண்டு, "நல்ல பிள்ளை" என்றார். செருப்பு முழுவதும் எச்சில்தான். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை, நாமும் பொருட்படுத்தவில்லை.