முந்நூற்றிருபதில் ஒரு பங்கு

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றை அண்டிக் கிடக்கும் ஈச்சிலம்பற்று நெல் விளையும் பூமி. நம் நாட்டு நெற்செய்கையாளர் விளைச்சலைப் பற்றிப் பேசும்போது, ஏக்கருக்கு இத்தனை புசல் என்று கூறுவது இன்றும் வழக்கம். ஆங்கிலேயர் தந்த அந்தப் புசலில் 32 குவாட்டு அடங்கும். நூறு, ஆயிரம் என்று எண்ணிப் பழகிய மனிதனுக்கு 32 என்ற எண் ஏன் தேவைப்பட்டது என்று வாசகர்கள் வினவலாம். விடையை நம் முன்னோரின் அளவைகளே கூறும்.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு; இரண்டு உழக்கு ஓர் உரி; இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. ஒன்றை இரண்டாக்கி, அதையும் இரண்டாக்கிச் செல்லும் முறை இது. ஒரு தூணிக்கு 32 நாழி. ஆழாக்கில் கூறின் 256. குவியலைப் பத்தாகப் பிரிப்பது கடினம். இரண்டாகப் பிரிப்பதோ எழுத்தறியாதவருக்கும் எளிது. ஆகவேதான் உலகின் பல பகுதிகளிலும் அளப்போர் கை பாதியையே நாடிற்று.

கணனி என்னும் இயந்திரமும் இவ்வழியையே பின்பற்றுகிறது. அதற்கு மின்னோட்டம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளே தெரியும். அவற்றை 1, 0 என்று குறித்து, எட்டு இலக்கங்களை ஒரு கட்டாகக் கட்டிப் பைற்று என்று பெயரிட்டனர். ஒரு பைற்றில் எழுதக்கூடிய வேறுவேறு எண்களும் 256தான்.

ஒரு நாழி, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு நாழி கொள்ளும் ஐந்து பாத்திரங்கள் நம்மிடம் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாமலே 1 முதல் 31 நாழி வரை எதையும் அளக்கலாம். பதின்மூன்று நாழிக்கு எட்டும் நான்கும் ஒன்றும் போதும். எடுத்த பாத்திரத்துக்கு 1, எடுக்காததற்கு 0 என்று பெரியதிலிருந்து எழுதினால் 01101. கணனி எழுதும் பதின்மூன்றும் இதுவே.

நிரல் எழுதுவோர் அறிந்த சிறு தந்திரம் ஒன்றையும் இப்பாத்திரங்களைக் கொண்டே விளக்கலாம். ஓர் எண் முழுக்க முழுக்க இரட்டிப்பால் பிறந்ததா என்று அறிய, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, இரண்டு எண்களுக்கும் பொதுவான பாத்திரம் உண்டா என்று பார்க்க வேண்டும். பதினாறுக்கு ஒரே பாத்திரம். பதினைந்துக்கு மற்ற நான்கும். பொதுவானது எதுவுமில்லை, ஆகவே பதினாறு தூய இரட்டிப்பு எண். பன்னிரண்டுக்கு எட்டும் நான்கும். பதினொன்றுக்கு எட்டும் இரண்டும் ஒன்றும். எட்டு இரண்டிலும் நிற்பதால் பன்னிரண்டு அத்தகையதன்று. வகுத்துப் பார்க்கும் வேலையே இல்லை!

ஆயினும் பாதி வழி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். பதினாறில் ஒன்று, அதில் பாதி, பிறகு 256இல் ஒன்று, அதில் பாதி என்று கூட்டிக்கொண்டே போகலாம். பத்தில் ஒன்றை நெருங்குவோமேயன்றி அடையமாட்டோம். இயந்திரமோ தன் இடம் நிரம்பியதும் மீதியை வெட்டிவிடுகிறது.

அந்த வெட்டின் விலையை உலகம் 1991 பெப்ரவரி 25ஆம் திகதி கண்டது. வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் என்னும் அமெரிக்க ஏவுகணைத் தடுப்புப் பொறி, நேரத்தைப் பத்திலொரு செக்கன்களாகப் பிழையின்றி எண்ணி வந்தது. அவ்வெண்ணிக்கையைச் செக்கனாக மாற்றும்போது, 24 இலக்கங்களுக்குள் வெட்டப்பட்ட பத்திலொன்றால் பெருக்கியது. எண்ணிய ஒவ்வொரு பத்திலொரு செக்கனுக்கும் பிழை செக்கனின் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பொறி நூறு மணி நேரம் ஓய்வின்றி இயங்கியிருந்தது; 36 இலட்சம் பத்திலொரு செக்கன்கள். பிழை 0.34 செக்கனாக வளர்ந்தது. அந்நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். பொறி தவறான இடத்தில் தேடியது. ஏவுகணை படைவீரர் தங்கிய கட்டடத்தில் விழுந்து 28 பேர் மாண்டனர். திருத்திய நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது.

பாதியின் இந்தக் குறையை நம் முன்னோர் கணக்கு உணர்ந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்பது ஒரு வரிசை. அதனருகே இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி என்று மற்றொரு வரிசையையும் வைத்தனர். மாவும் காணியும் கூடினால் மாகாணி. அதாவது சரியாகப் பதினாறில் ஒன்று! இரு வரிசைகளுக்கும் பாலம் அப்பெயரிலேயே உள்ளது. முந்திரியாக எண்ணினால் அரை 160, மாகாணி 20, பத்திலொன்றாகிய இருமா 32. எல்லாம் முழு எண்கள். வெட்டுவதற்கு மீதியே இல்லை. எண்சுவடியை உரத்து ஓதிய திண்ணைப் பள்ளிச் சிறுவர் மனனம் செய்தது இந்த நுட்பத்தையே.

இன்றைய நிரல் நூல்களும் இதே அறிவுரையைக் கூறுகின்றன: பணத்தை ரூபாவின் பின்னமாக வைக்காதே, சதங்களாக எண்ணு. எந்தக் கணக்கிலும் முதலில் மிகச் சிறிய அலகைத் தெரிந்துகொண்டு, அதை முழுதாக எண்ண வேண்டும். சிறு பங்கை அலட்சியம் செய்பவனுக்கு அது ஒருநாள் பெருங்கணக்காக வந்து நிற்கும்.