ஏவாள் மேல் சுமத்திய பழி

மலேசியாவின் ஜித்ரா வட்டாரத்தில் வீட்டு ஜெபக்கூட்டமோ கல்யாண ஆராதனையோ, ஆதியாகமத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே பிரசங்கம்தான். ஏவாள் பழத்தைத் தின்றாள், ஆதாமையும் கெடுத்தாள். அதனால்தான் மனுசனுக்கு உழைப்பு, பெண்ணுக்குப் பிரசவ வலி, புருசனுக்கு அடங்கி நடக்கும் கடமை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார்கள் இதற்குத் தலையாட்டுவதைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. வேதம் சுமத்தாத பழியை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

பழம் ஆப்பிள் என்பதும் பாம்பு சாத்தான் என்பதும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. மூன்றாம் அதிகாரத்தில் இரண்டு பெயருமே இல்லை.

உழைப்பு சாபமா? தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் கடவுள் மனிதனை ஏதேனில் வைப்பது 2:15இல். பாம்பு அப்போது கதைக்குள்ளேயே வரவில்லை. விடியுமுன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய், மரத்தில் காயம் படாமல் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பாலை மங்கில் இறக்கிய அந்தத் தாய்மாரின் கைத்திறன் எவருடைய பாவத்துக்கும் தண்டனை ஆகாது. சாபம் பெற்றவை இரண்டே: 3:14இல் பாம்பு, 3:17இல் நிலம். முள்ளும் வேர்வையும் உழைப்பைக் கடினமாக்கின, உண்மை. ஆனால் ஆதாமையோ ஏவாளையோ சபித்ததாக அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

கெடுத்தவள் ஏவாள்தானா? விலக்கப்பட்ட மரத்தைப் பற்றிய கட்டளை ஆதாமிடம் சொல்லப்பட்டபோது அவள் படைக்கப்படவே இல்லை. அவள் பாம்போடு வாதாடவாவது செய்தாள்; அவன் மறுபேச்சில்லாமல் வாங்கித் தின்றான், விசாரணை வந்ததும் மனைவியைக் கைகாட்டினான். ஏமாந்தது ஆதாம் அல்ல, பெண்தான் என்று சொல்லும் 1 தீமோத்தேயு 2:14ஐ எடுத்துக் காட்டுவார்கள். ரோமர் 5ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். பாவம் உலகத்துக்குள் வந்தது ஆதாம் என்ற ஒரு மனிதனால் என்கிறார் பவுல். ஏவாளின் பெயர் அங்கே இல்லை.

பிரசவ வலியைத் தேவசித்தம் என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கும் பதில் எப்போதோ வந்துவிட்டது. 1847இல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்தில் குளோரோபார்ம் கொடுக்கத் தொடங்கினார். மத ஆட்சேபங்களுக்கு அவர் வேதத்திலிருந்தே பதில் எழுதினார்: விலா எலும்பை எடுக்குமுன் ஆதாமை ஆழ்ந்த நித்திரையில் ஆழ்த்தியவர் கடவுள்தானே! 1853இல் விக்டோரியா மகாராணியும் அதே மருந்தோடு பிள்ளை பெற்றார்.

கடைசியாக, அடங்கி நடப்பது. ஆணும் பெண்ணும் ஒருசேரக் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதாக 1:27 சொல்கிறது. பூமியை ஆளும் பொறுப்பும் இருவருக்குமே. புருசன் ஆளுவான் என்ற பேச்சு, எல்லாம் உடைந்த பிறகு 3:16இல்தான் வருகிறது. நிலத்தில் முளைத்த முள்ளைக் கடவுள் சித்தம் என்று எவரும் விட்டுவைப்பதில்லை, களை எடுக்கிறோம். புருசனின் ஆளுகையை மட்டும் ஏன் சட்டமாக்குகிறோம்? சம்பளத்திலும் இதே ஏற்றத்தாழ்வுதான் இருந்தது: 1920களின் கடைசியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தார்கள். அந்தப் பத்துக் காசைக் குறைத்தவர்கள் அதிகாரிகளும் முதலாளிகளும். ஏதேனில் அப்படி ஒரு கணக்கு இல்லை.